ஒசாகாவில் வாக்யு யாகினிகு: எதைக் கேட்பது, எப்படிச் சுடுவது?

கேள்வி இதுதான்: "நானும் மனைவியும் அவள் தம்பியும் ஒசாகா போகிறோம். ஒரு நாள் இரவு நல்ல வாக்யு யாகினிகு கடையில் சாப்பிட ஆசை. மூன்று பேருமே பீஃப் சாப்பிடுவோம். ஆனால் மேஜையிலேயே நெருப்பு வைத்து நாமே சுட்டுச் சாப்பிடும் கடைக்கு இதுவரை போனதில்லை. ஏ5 என்று போட்டிருக்கும் கடையாகப் பார்த்துப் போனால் போதுமா? எதை ஆர்டர் செய்வது, எப்படிச் சுடுவது, எவ்வளவு ஆகும்?"

வாக்யு என்றால் ஜப்பானிய இன மாட்டுக்கறி, யாகினிகு என்றால் மேஜை அடுப்பில் கறியை நாமே சுட்டுச் சாப்பிடுவது. ஏ5 பார்த்துப் போனால் போதாது. நல்ல வாக்யு வைத்திருக்கும் கடையிலேயேகூட, மெனுவில் விலை அதிகமாக இருப்பதையே வரிசையாகக் கேட்டு வாங்கினால் நாலாவது தட்டு வரும்போது திகட்டிவிடும். அதற்கப்புறம் சாப்பிடுவதெல்லாம் காசு கொடுத்தாயிற்றே என்பதற்காகத்தான். நான் ஒசாகாவில் பல வருடமாக இருக்கிறேன், ஊரிலிருந்து வருகிறவர்களை இந்தக் கடைகளுக்கு அழைத்துப்போவது வழக்கம். மனம் நிறைந்து எழுந்தவர்கள் எல்லாருமே குறைவாக வாங்கி, ஒவ்வொரு துண்டாகச் சுட்டு, கொழுப்புள்ளதையும் இல்லாததையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டவர்கள்தான்.

முதலில் ஏ5 என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மாட்டை வெட்டிய பிறகு, ஜப்பான் இறைச்சித் தர நிர்ணயச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், ஆறாவது விலா எலும்புக்கும் ஏழாவதுக்கும் நடுவே அறுத்த முகத்தைப் பார்த்து இரண்டு விஷயங்களைக் குறிப்பார். ஏ, பி, சி என்ற எழுத்து, அந்த உடலில் எவ்வளவு கறி தேறும் என்ற கணக்கு. மொத்த வியாபாரிக்கு அது முக்கியம். உங்கள் தட்டில் விழும் துண்டின் ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் வரும் 1 முதல் 5 வரையிலான எண்தான் தரம். கொழுப்பு இழை எவ்வளவு, கறியின் நிறமும் பளபளப்பும் எப்படி, இறுக்கமும் நயமும் எப்படி, கொழுப்பின் நிறம் எப்படி என்று நான்கையும் பார்த்து, நான்கில் எது ஆகக் குறைவோ அதையே மொத்தத் தரமாகப் போடுவார்கள். இதில் கொழுப்பு இழைக்கு மட்டும் 1 முதல் 12 வரை தனி அளவுகோல் உண்டு, பி.எம்.எஸ். என்பார்கள். 8 முதல் 12 வரை எது வந்தாலும் 5ஆம் தரத்துக்குள் அடங்கும். 8இல் இருக்கும் கறியைப் பார்த்தால் சிவப்பில் வெள்ளை இழை ஓடுவது போல இருக்கும். 12இல் வெள்ளைதான் அதிகம், சிவப்பு நடுவே எட்டிப் பார்க்கும். வாசல் பலகையில் இரண்டுக்கும் ஏ5 என்றுதான் எழுதியிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று தரம் பார்க்கப்படும் வாக்யு எருதுகளில் பாதிக்கு மேல் ஏ5 வாங்கிவிடுகின்றன. வளர்ப்பவர்கள் பல தலைமுறையாக அதை நோக்கியே இனவிருத்தி செய்து வந்திருக்கிறார்கள். ஆகவே ஏ5 என்பது அரிய பொருள் அல்ல, ஜப்பானில் எந்த சுமாரான கடைக்கும் கிடைக்கக் கூடியது. அப்புறம், நாக்கு, ஹராமி (உதரவிதானத் தசை), குடல், இரைப்பை, ஈரல் இவையெல்லாம் உள்ளுறுப்புக் கணக்கில் தனியாகப் போய்விடுபவை. அவற்றுக்கு இந்தத் தரமே கிடையாது. "ஏ5 நாக்கு" என்று எங்காவது விளம்பரம் பார்த்தால் அது வெறும் அலங்காரம்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஜப்பானில் கறியின் மேல் வாக்யு என்று எழுத வேண்டுமானால், கருப்பு, பழுப்பு, குட்டைக்கொம்பு, கொம்பில்லாதது என்ற நான்கு ஜப்பானிய இனங்களில் ஒன்றாகவோ அவற்றுக்குள் கலந்ததாகவோ இருக்க வேண்டும். ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்திருக்கவும் வேண்டும். நடைமுறையில் நீங்கள் சாப்பிடப் போவது கருப்பு இனம்தான், பத்தில் ஒன்பதுக்கு மேல் அதுதான். "கொகுசான்" என்று மெனுவில் எழுதியிருந்தால் அது உள்நாட்டில் வளர்த்த மாடு என்று மட்டும்தான் பொருள்படும். பால்மாட்டு இனத்தின் எருதாக இருக்கலாம், கலப்பினமாக இருக்கலாம். கெட்ட கறி என்று சொல்ல வரவில்லை, பல நேரம் அது நன்றாகவே இருக்கும். வாக்யு விலை கொடுத்து அதை வாங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைச் சோதிக்க ஓர் அருமையான வழி இருக்கிறது. 2001 செப்டம்பரில் ஜப்பானில் முதல்முறையாகப் பித்த மாட்டு நோய் (மேட் கவ்) கண்டுபிடிக்கப்பட்டது. மக்கள் பயந்து பீஃப் வாங்குவதையே குறைத்தார்கள். அதன் பின்விளைவாக 2003இல் ஒரு சட்டம் வந்தது: நாட்டில் உள்ள ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண் ஒன்று, காதில் அட்டையாக. 2004 டிசம்பர் முதல் கடைகளிலும், யாகினிகு, சுகியாகி, ஷாபு ஷாபு, ஸ்டேக் இவற்றை முக்கியமாக விற்கும் உணவகங்களிலும் அந்த எண்ணை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்திலோ சுவரிலோ ஒரு சின்னப் பலகையில் எழுதியிருக்கும். தேசிய கால்நடை இனவிருத்தி மையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், மாடு பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எந்த இனம், தாயின் எண், எந்த மாகாணத்தில் பிறந்து எங்கே கைமாறி எங்கே வெட்டப்பட்டது என்று அத்தனையும் வந்துவிடும். கறி வருவதற்குள் போனில் பார்த்துவிடலாம். தான் சாப்பிடும் கறி எங்கிருந்து வந்தது என்று வாடிக்கையாளர் கேட்காமலேயே சொல்ல வேண்டும் என்று ஒரு நாடு சட்டம் போட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நாக்குக்கும் உள்ளுறுப்புகளுக்கும் இந்த விதி பொருந்தாது.

ஊர்ப் பெயர்களைப் பற்றியும் கேட்பீர்கள். கோபே என்பது ஹியோகோ மாகாணத்தின் தாஜிமா வம்ச மாட்டில் பி.எம்.எஸ். 6 அல்லது அதற்கு மேல் இருப்பது. அதாவது ஏ4 மாடும் கோபே ஆகலாம். மியே மாகாணத்தின் மாத்சுசாகா என்றால் கன்று ஈனாத கிடாரி மட்டும். அதற்குத் தர எண் நிபந்தனையே இல்லை. செண்டாய் நேர் எதிர், 5ஆம் தரத்துக்குக் கீழே போனால் அந்தப் பெயர் கிடைக்காது. ஷிகாவின் ஓமி, கிஃபுவின் ஹிடா, மியாசாகி, ககோஷிமா என்று நிறைய இருக்கின்றன. இவற்றின் ரத்தம் பெரிதும் ஒன்றுதான்: 1939இல் ஹியோகோ மலைப்பகுதியில் பிறந்த தாஜிரி என்ற ஒரு காளையின் வழி வந்தவைதான் இன்றைய கருப்பு வாக்யு பசுக்களில் அநேகமாக எல்லாமே. முதல்முறை போகிறவர் கோபே என்ற பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அதே காசில் ககோஷிமா, மியாசாகி கறியில் நல்ல பாகமாக வாங்கிக்கொள்ளலாம். பீர் குடிக்க வைத்து, மசாஜ் செய்து வளர்க்கிறார்கள் என்ற கதையையும் விட்டுவிடுங்கள். இந்தக் கொழுப்பு இழைக்குக் காரணம் மாட்டின் வம்சம், தானியத் தீவனம், ஏறக்குறைய 28 முதல் 30 மாதம் வரை பொறுமையாக வளர்ப்பது.

எந்தப் பகுதிக்குப் போவது? ஒசாகாவில் கிதாஷின்சியில் கம்பெனிக்காரர்கள் விருந்து கொடுக்கும் பெரிய கடைகள் உண்டு. நம்பாவில் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள் ஏராளம். நான் சுருஹாஷிக்குத்தான் அனுப்புவேன். ரயில் நிலையத்தை விட்டு இறங்கினாலே கறி சுடும் வாசனை வந்துவிடும். சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001இல் நாட்டின் நூறு மணக் காட்சிகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது; பூந்தோட்டம், கடற்கரை, காடு இவற்றோடு சுருஹாஷி நிலையத்தைச் சுற்றியிருக்கும் பகுதியும் அதில் இருக்கிறது.

அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது அங்கிருந்து, அதிலும் ஜேஜு தீவிலிருந்து, ஏராளமானவர்கள் ஒசாகாவின் தொழிற்சாலைகளில் வேலை தேடி வந்தார்கள். 1923இல் ஜேஜுவுக்கும் ஒசாகாவுக்கும் நேரடிக் கப்பலே ஓட ஆரம்பித்துவிட்டது. வந்தவர்களில் பலர் சுருஹாஷியை ஒட்டிய இக்குனோ பகுதியில் தங்கினார்கள். போர் முடிந்த வறுமைக் காலத்தில், மற்றவர்கள் அவ்வளவாகச் சீண்டாத குடலையும் இரைப்பையையும் மசாலாவில் ஊறவைத்துச் சுட்டு விற்றவர்கள் அவர்கள். ஒசாகாவின் ஷொகுதோஎன், டோக்கியோவின் மெய்கெட்சுகான் இரண்டும் 1946இல் தொடங்கிய பழைய கடைகள். இன்று எந்த யாகினிகு மெனுவைத் திறந்தாலும் கருபி (விலாக் கறி), கிம்ச்சி (காரமாக ஊறவைத்த காய்), நாமுல் (எள்ளெண்ணெயில் பிசைந்த காய்), குப்பா, பிபிம்பா என்று கொரியப் பெயர்களாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். வாக்யு யாகினிகு இவ்வளவு பெரிய விருந்தாக வளர்ந்த பிறகு இந்தப் பங்கைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சாப்பிடப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, மேஜைக்கு வருவோம். நடுவில் குழியில் கரியோ கேஸ் அடுப்போ இருக்கும், மேலே கம்பி வலை. புகையைக் கீழ்ப்பக்கமாகவே உறிஞ்சும் அடுப்பை நகோயாவின் ஷின்போ கம்பெனி 1980இல் கொண்டுவந்தது. அதற்கப்புறம்தான் நல்ல உடை போட்டுக்கொண்டும் குடும்பத்தோடும் வரும் இடமாக இது மாறியது. சுருஹாஷியின் சின்னக் கடைகளில் இன்னமும் புகை உண்டு. கழுத்தில் மாட்டிக்கொள்ளக் காகித ஏப்ரன் தருவார்கள், கோட்டையும் பையையும் போட்டு வைக்கப் பெரிய பிளாஸ்டிக் பையும் பல இடங்களில் இருக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு ஆளுக்கான தட்டு என்று வருவது பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான் இருக்கும். மூன்று பேர் என்றால் முதலில் மூன்று தட்டு போதும்: நாக்கு ஒன்று, ஹராமி ஒன்று, கொழுப்பு குறைந்த சிவப்புக் கறி ஒன்று. அவை முடிகிற நேரத்தில் அடுத்ததைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆர்டர் செய்தால் வெட்டிய கறி மேஜையிலேயே வெதுவெதுப்பாகி, கொழுப்பு மேலே வழிய ஆரம்பித்துவிடும். வாக்யு கொழுப்பில் ஓலெயிக் அமிலம் அதிகம். அதனால் மற்ற மாட்டுக் கொழுப்பைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும். விரலால் கொஞ்ச நேரம் பிடித்தாலே பளபளவென்று ஆகிவிடும். வாயில் கரைவதும் இதனால்தான், சீக்கிரம் திகட்டுவதும் இதனால்தான்.

நாக்கில் தொடங்குவது அங்கே எல்லாரும் செய்வது. அதற்குக் காரணமும் உண்டு. உப்பு மட்டும் போட்டு வருவதால் வலையில் சாஸ் ஒட்டிக் கருகாது, அடுத்து வரும் கறிக்கு வலை சுத்தமாக இருக்கும். சாஸில் ஊறியதை முதலில் போட்டால் அந்தக் கரி எல்லாவற்றிலும் ஒட்டும். மெல்லிய நாக்குத் துண்டின் மேல் நறுக்கிய வெங்காயத்தாளும் எள்ளெண்ணெயும் வைத்து வந்தால் அதைத் திருப்பவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் சுட்டு, ஓரம் சுருள ஆரம்பித்ததும் இடுக்கியால் இரண்டாக மடித்து எடுத்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். தடிமனாக வெட்டிய நாக்கு வேறு சங்கதி. கீறல் போட்டிருப்பார்கள், நான்கு பக்கமும் நிறம் வரும்வரை பொறுமையாகத் திருப்ப வேண்டும், கடித்தால் 'கறுக்' என்று இருக்கும். ஒரு மாட்டுக்கு ஒரு நாக்குதானே, அதனால் வாக்யு கடைகளில்கூட நாக்கு பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்ததாக இருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. வாக்யு நாக்கே வேண்டும் என்றால் "குரோகே வாக்யு நோ டான்" என்று மெனுவில் தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். விலையும் தனியாகத்தான் இருக்கும்.

சுடும் விதத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். மூன்று பேர் இருந்தால் வலையில் ஒரே நேரத்தில் மூன்று துண்டு. தட்டோடு கொட்டிப் பரப்பாதீர்கள். கறி மில்லிமீட்டர் கணக்கில் மெல்லியது, பேசிக்கொண்டே ஒரு முறை அந்தப் பக்கம் திரும்பினால் காய்ந்துவிடும். வலை நன்றாகச் சூடாக வேண்டும். கையை மேலே நீட்டினால் பொறுக்க முடியாத அளவுக்கு. துண்டைப் போட்டதும் 'சர்' என்ற சத்தம் வர வேண்டும். போட்ட பிறகு நகர்த்தாதீர்கள். மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: முதலில் ஓரங்கள் சாம்பல் நிறமாகும், அப்புறம் வெள்ளை இழைகள் கண்ணாடி போலத் தெளிவாகும், அதன் பிறகு சிவப்பு நீர் முத்து முத்தாக மேலே வரும். அதுதான் திருப்பும் நேரம். ஒரே ஒரு முறை திருப்பி, முதல் பக்கத்துக்கு ஆன நேரத்தில் பாதி ஆனதும் எடுத்துவிடுங்கள். வாக்யுவுக்கு என்று ஒரு வாசனை உண்டு, தேங்காயும் பழமும் சேர்ந்த மாதிரி இனிப்பான மணம். 80 டிகிரி அளவில் சூடாகும்போதுதான் அது ஆக அதிகமாக வருகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கருக விட்டால் அந்த மணம் போய்விடும், அரைகுறையாக விட்டால் வரவே வராது.

வலையின் நடுவும் ஓரமும் ஒன்றல்ல. கொழுப்புள்ள கருபி நடுவில் சொட்டினால் குபீரென்று தீ எழும்பும், கறியில் புகைக்கரி ஒட்டும். பயப்பட வேண்டாம், துண்டை ஓரத்துக்குத் தள்ளுங்கள். பல கடைகளில் இதற்கென்றே ஒரு கிண்ணத்தில் ஐஸ் கட்டி தருவார்கள். தீ எழும்பும் இடத்தில் வலைமேல் ஒன்றை வைத்தால் அடங்கிவிடும். தண்ணீரை ஊற்றாதீர்கள், சாம்பல் பறந்து எல்லார் தட்டிலும் விழும். வலை கறுத்ததும் "அமி கோகான், ஒனேகாய் ஷிமாசு" என்றால் புது வலை போட்டுத் தருவார்கள். வழக்கமாக அதற்குக் காசு கிடையாது. இரண்டு மூன்று முறை கேட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இனி எந்தப் பாகம் என்று பார்ப்போம். கருபி விலாப்பகுதிக் கறி, கொழுப்பும் ருசியும் அதிகம். பெயருக்கு முன்னால் நாமி, ஜோ, தொகுஜோ என்று வரும், அதாவது சாதா, மேல்தரம், மிக மேல்தரம். இது அந்தந்தக் கடை தானே வைத்துக்கொள்ளும் வரிசை, அரசு நிர்ணயம் அல்ல. வாக்யு கடையில் தொகுஜோ கருபி மூன்று பேருக்கு ஒரே தட்டு போதும். ரோஸு என்பது முதுகுப்பக்கக் கறி. ஒரு காலத்தில் தொடைக்கறியையே ரோஸு என்று விற்கும் வழக்கம் இந்தத் தொழிலில் இருந்தது. 2010இல் நுகர்வோர் விவகார முகமை தலையிட்டு, அப்படி எழுதக் கூடாது என்று சொன்னது.

எனக்கு ஒரே ஒரு தட்டுதான் என்றால் ஹராமிதான் கேட்பேன். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உள்ள உதரவிதானத் தசை அது. பார்க்கவும் கடிக்கவும் நல்ல கறி மாதிரி இருக்கும், வியாபாரக் கணக்கில் உள்ளுறுப்பு. கொழுப்பு அளவோடு, கறியின் ருசி ஆழமாக இருக்கும். கொஞ்சம் தடிமனாக வெட்டித் தருவார்கள். இதை மட்டும் அடிக்கடி திருப்பிச் சுட்டு, எடுத்த பின் ஒரு நிமிடம் தட்டில் விட்டுச் சாப்பிட்டால் சாறு உள்ளேயே நிற்கும்.

சிவப்புக் கறியில் பின்பக்கத்து இச்சிபோ, ரான்பு, தொடையின் ஷின்ஷின் ஆகியவற்றைத் தேடுங்கள். வாக்யு என்றால் கொழுப்புதான் என்று நினைத்து வருகிறவர்கள் இவற்றை விட்டுவிடுகிறார்கள். ஏ5 மாட்டின் தொடையிலும் மெல்லிய இழை ஓடுகிறது, மென்மை வருகிறது, ஆனால் வாய் சலிப்பதில்லை. ஜப்பான் அரசின் உணவுச் சத்துப் பட்டியலில் வாக்யு சர்லாயினுக்கு (பின்முதுகுக் கறி), மேல்கொழுப்போடு சேர்த்து, 100 கிராமில் சுமார் 47 கிராம் கொழுப்பு என்று போட்டிருக்கிறார்கள். பாதி கொழுப்பு. அதை இந்தியாவில் பிரியாணிக் கறி சாப்பிடும் அளவில் சாப்பிட முடியாது, ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று துண்டு போதும்.

அந்த இரண்டு மூன்று துண்டை எப்படிச் சாப்பிடுவது என்றால், மெல்லியதாக வெட்டியதை வாங்கிச் சாப்பிடுங்கள். தோள்பட்டைக்குக் கீழிருந்து வரும் ஸபுதோன், தோள் எலும்பை ஒட்டிய மிசுஜி, பெரிய தாளாக வெட்டிய சர்லாயின் இவற்றை "யாகிஷாபு" என்று மெனுவில் போட்டிருப்பார்கள். சில கடைகளில் பணியாளரே வந்து சுட்டுத் தருவார், விடுங்கள், அவர் கைக்கு அது பழகிய வேலை. நீங்களே சுட்டால் ஒரு பக்கத்துக்குச் சில விநாடி, திருப்பிப் போட்டுப் பெயருக்கு ஒரு தடவல், அவ்வளவுதான். மிசுஜியின் நடுவில் ஒரு மெல்லிய நரம்பு இலைநரம்பு மாதிரி ஓடும், அது சுட்டதும் இளகிவிடும். இதற்குத் தொட்டுக்கொள்ள முட்டையின் மஞ்சள் கருவைப் பச்சையாகத் தருவார்கள். ஜப்பானில் முட்டையைப் பச்சையாகச் சாப்பிடுவதை மனதில் வைத்தே கழுவி, தேதி போட்டு விற்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் துருவிய வசாபி கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கொழுப்பின் மேல் வசாபியின் காரம் தலைக்கேறாது, கொழுப்பு அதை அடக்கிவிடும்.

உள்ளுறுப்புகளை விட்டுவிடாதீர்கள், சுருஹாஷிக்குப் போய் அதைத் தவிர்ப்பது நியாயமில்லை. நம் ஊரில் போட்டி வறுவல் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபமாகவே பிடிக்கும். மினோ என்பது முதல் இரைப்பை, கீறல் போட்டு வரும், நறுக்கென்று இருக்கும், வாடை குறைவு. தேன்கூடு போன்ற இரண்டாவது இரைப்பை, மடிப்பு மடிப்பான மூன்றாவது, சிவந்த நான்காவது என்று நான்குக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பெருங்குடல் ஷிமாச்சோ. அதைத் தோல் பக்கம் முதலில் போட்டு, மொத்த நேரத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கமே சுட்டு, கடைசியில் மட்டும் கொழுப்புப் பக்கம் திருப்ப வேண்டும். மாற்றிப் போட்டால் கொழுப்பெல்லாம் அடுப்புக்குள் போய்விடும். இதற்கு மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சாஸ் நன்றாகச் சேரும்.

சாஸ் விஷயத்தில் ஒரே ஒரு பேச்சு. சோயா, சர்க்கரை, பூண்டு, எள், பழச்சாறு சேர்ந்த தாரே ருசியானதுதான். ஆனால் எல்லாவற்றையும் அதிலேயே முக்கினால் எந்தத் துண்டைச் சாப்பிட்டாலும் தாரேயின் ருசிதான் தெரியும். முதல் துண்டை உப்போடு, இரண்டாவதை வசாபியோடு, கருபியையும் குடலையும் தாரேயோடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தாரே தொட்ட கருபியைச் சூடான வெள்ளைச் சோற்றின் மேல் ஒரு முறை வைத்து எடுத்து, அந்தச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிடுவது ஜப்பானியர் எல்லாரும் செய்வது. நமக்கும் அது இயல்பாக வரும். கிம்ச்சியும் நாமுலும் ஒவ்வொரு தட்டு கண்டிப்பாக இருக்கட்டும். புளிப்பும் காரமும் இல்லாமல் வாக்யுவை ஒரு மணி நேரம் சாப்பிட முடியாது. குடிக்க ஐஸ் போட்ட ஊலாங் தேநீர் நல்லது. கடைசியில் குளிர்ந்த குழம்பில் நூடுல்ஸ் போட்ட ரெய்மென் கிடைத்தால் மூன்று பேரும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

சுத்தம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பச்சைக் கறியை எடுக்கும் இடுக்கி வேறு, வாயில் வைக்கும் குச்சி வேறு. வெந்த துண்டை எடுத்து வாயில் வைக்கும் அதே குச்சியால் பச்சைத் துண்டைத் தொடாதீர்கள். 2011இல் ஒரு யாகினிகு சங்கிலிக் கடையில் பச்சை மாட்டுக்கறி சாப்பிட்டவர்களுக்கு ஈ கோலை தொற்று பரவி ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பின் பச்சைக் கறிக்குக் கடுமையான விதிகள் வந்தன. 2012 ஜூலையிலிருந்து பச்சை மாட்டீரலை உணவகத்தில் பரிமாறவே தடை. ஈரல் கேட்டால் சுடுவதற்குத்தான் தருவார்கள், உள்வரை நிறம் மாறும்வரை சுடுங்கள். குடலும் கோழியும் பன்றியும் அப்படியே. நல்ல கறித் துண்டு நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கலாம், உள்ளுறுப்பு இருக்கக் கூடாது.

உங்களோடு மாடு சாப்பிடாத நண்பர் யாராவது வருவதாக இருந்தால் யோசித்து அழைத்துப்போங்கள். கோழி, இறால், காய்கறி எல்லாம் மெனுவில் இருக்கும். ஆனால் அடுப்பும் வலையும் ஒன்றுதான், சூப்பும் பல இடங்களில் மாட்டெலும்பில் வைத்தது. ஹலால் பார்க்கிறவர்களுக்குக் கறி மட்டும் ஹலாலாக இருந்தால் போதாது, தாரேயில் மிரினும் சாக்கேயும் (இரண்டும் அரிசி மது) சேர்ப்பது வழக்கம். டோக்கியோவிலும் ஒசாகாவிலும் ஹலால் வாக்யுவுக்கென்றே கடைகள் இருக்கின்றன, அவற்றுக்கே போங்கள்.

செலவு. நல்ல வாக்யு கடையில் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு 8,000 முதல் 12,000 யென் வரை வைத்துக்கொள்ளுங்கள். சுருஹாஷியின் பழைய கடைகளில் ஹராமி, குடல் என்று பார்த்துச் சாப்பிட்டால் அதைவிடக் குறையும். அதே தரமான கடைகள் மதியம் செட் சாப்பாடாக இரவு விலையைவிட மிகக் குறைவாகத் தருவதும் உண்டு. காசு யோசனை இருந்தால் மதியமே போகலாம். 90 நிமிடம், 120 நிமிடம் என்று அளவில்லாமல் சாப்பிடும் தாபெஹோதாய் கடைகளில் வாக்யு என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். முதல் அனுபவத்துக்கு அது வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வலை நிறையப் பரப்ப வேண்டியிருக்கும், இந்தக் கறிக்கு அதைப் போலக் கெடுதல் வேறில்லை.

வார இறுதி என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். ஆகஸ்ட் 29 யாகினிகு நாள், அந்தச் சமயத்தில் பயணம் என்றால் இன்னும் முன்னாலேயே. முன்பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் பல கடைகளில் அபராதம் வாங்குவார்கள், சிறு கடைக்காரர்களுக்கு அது நியாயமும்கூட. உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வந்தால் அது இருக்கைக் கட்டணத்தோடு சேர்ந்த ஒதோஷி, பில்லில் சில நூறு யென் வரும். டிப்ஸ் வைக்காதீர்கள், பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். சுருஹாஷியின் சந்துக் கடைகளில் சிலவற்றில் கார்டு எடுக்க மாட்டார்கள், கையில் ரொக்கம் இருக்கட்டும்.